ஜெபக் குறிப்பைத் துரத்திப் புதுக்கடை வரை

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு ஆரல்வாய்மொழியில் பேருந்து ஏறினேன். காற்றாலைகள் நிதானமாகச் சுற்றின. என் தலை அவற்றை முந்திக்கொண்டிருந்தது.

காரணம், சற்றுமுன் மஸ்கட்டிலிருந்து வந்த போன். அங்கே ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பதிவு செய்பவன் நான்; விடுமுறைக்கு மாமியார் வீட்டில் இருக்கிறேன். பேசியவர் எங்கள் நோயாளி, புதுக்கடைக்காரர். மறுநாள் அவருக்கு மூலநோய் ஆபரேஷன்; ஊருக்கு வருமுன் அதைப் பதிவு செய்ததே நான்தான். (பெயர் கேட்காதீர்கள், நோயைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன்.)

"மக்கா, எனக்க வீட்டுக்காரிட்டகூட சொல்லல்ல. நீ யாருட்டயும் சொல்லிராத."

"சே, சொல்லுவேனா அண்ணே!"

முந்தின நாள் மாலையே சொல்லியாயிற்று. புதுக்கடை சபைச் செயலாளரான என் சித்தப்பாவுக்குப் பெயர், வீட்டுப்பெயர், ஆபரேஷன் விவரம் எல்லாம் போட்டு ஜெபக் குறிப்பு அனுப்பியிருந்தேன். ஊர் வழக்கம் அது. ஆராதனையில் அவர் மைக்கில் வாசிப்பார், யூடியூபிலும் போகும். நோயாளியின் மனைவியும் அதே சபை. சித்தப்பாவோ சனிக்கிழமையே குறிப்புகளைத் தாளில் எழுதிவிட்டு, ஞாயிறு முழுக்கப் போனை அணைத்துவைப்பவர்.

ஓமானில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சம்மதமில்லாமல் ஒருவர் விவரத்தை வெளியே விடக்கூடாது. நோய் விவரம் என்றால் இன்னும் கெடுபிடி. கிளினிக்கில் இதற்கு வகுப்பெடுத்த மேதை நான்தான். இனி வேலையும் போய், அடுத்த வகுப்பில் உதாரணமாகவும் ஆவேன்.

நாகர்கோவிலில் பேருந்து மாறினேன். இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓர் அக்கா பக்கத்தில் அமர்ந்தார்.

"எனக்க மாப்பிளைக்கு பித்தப்பையில கல்லு" என்று பேருந்துக்கே அறிவித்தார். "ஒமக்கு என்ன சூக்கேடு? மொகம் வெளிறிக் கெடக்கு."

"வாயிலதான் அக்கா."

"புண்ணா?"

"இல்ல, மூட மாட்டேங்கு."

"அதுக்கெல்லாம் மருந்து கெடையாது" என்று நெய்யூரில் இறங்கிப்போனார்.

பத்து மணிக்குப் புதுக்கடை. சந்திப்பிலிருந்து சபைக்கு ஓடினேன். பிரசங்கம் முடிந்து, சித்தப்பா தாளோடு மைக்கை நோக்கி எழுந்துவிட்டார். பக்கவாசலில் மடக்கி, காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, ஜெபத்துக்கும் சட்டமா?"

"பேரு சொல்லாட்டா கர்த்தருக்கு ஆளு தெரியாதா சித்தப்பா?"

முறைத்தார். பேனாவை எடுத்துத் தாளில் பெயரை அடித்தார். மைக்கில், "வெளிநாட்டில் சிகிச்சை பெறும் ஒரு சகோதரனுக்காக" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் பசியும் தெரிந்தது. சித்தப்பா நிறுத்தவில்லை.

"அடுத்ததாக, என் அண்ணன் மகன் ஸ்டீபன். நாவடக்கத்துக்காக."

வீட்டுப்பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார். யூடியூபிலும் போயிற்று. என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. மஸ்கட்டாக இருந்தால் புகார் கொடுத்திருப்பேன். புதுக்கடையில், எல்லோருக்கும் முந்தி ஆமென் சொன்னேன்.