பட்டாதாரரின் பருத்தி

மருதம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அது சும்மா வந்த கோபமல்ல. புருஷன் செத்த பிறகு அவிநாசிபாளையத்துக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டில் ஒன்பது வருஷம் ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்த்தவள் அவள்.

காடு அவளுடையதுதான். ஆனால் காகிதத்தில் இல்லை. புருஷனும் அவன் அண்ணன் தண்டாயுதபாணியும் பாகம் பிரித்தபோது, முருகன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, கிளுவை வேலிக்குக் கிழக்கே தம்பிக்கு, மேற்கே அண்ணனுக்கு என்று வாயாலேயே பேசி முடித்தார்கள். பத்திரம் எழுதலாமா என்று யாராவது கேட்டிருந்தால் இருவருக்கும் ரோசம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். கூடப் பிறந்தவனை நம்பாமல் ஸ்டாம்பு பேப்பரை நம்புவதா? அந்தப் பெருந்தன்மையில் மண்ணைப் போட! பட்டா மூத்தவன் பேரிலேயே கிடந்தது. அவனோ தன் பங்கைத் தரிசாகப் போட்டுவிட்டு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வைக்கப் போய்விட்டான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், பருத்தி போட்டவர்களுக்கு மானியத்தில் பாதி விலைக்கு உரம் என்று தண்டோரா போட்டார்கள். மருதம்மாளின் பருத்தி அப்போது முழங்கால் உயரம். ஒரு மழையும் பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் உரம் வைத்தால் செடி பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் அந்த வருஷத்துப் பாடு அத்தனையும் வீண். ஓட்டமும் நடையுமாகப் பிளாக் ஆபீசுக்குப் போனாள்.

கிராம சேவகர் ஞானசம்பந்தம் நோட்டைப் புரட்டினார். “அந்தக் காட்டுக்கு உரம் வாங்கியாச்சேம்மா. பட்டாதாரர் தண்டாயுதபாணி கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிட்டார்.”

“வெதச்சது நானுங்க.”

“பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தாம்மா மானியம்.”

விதைத்தவளுக்கு இல்லாத மானியம், காட்டில் கால் வைக்காதவனுக்கு! எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ? அவனைக் கொண்டுவந்து அந்த வெயிலில் ஒரு நாள் களை வெட்ட விட வேண்டும்.

பஸ் ஏறித் திருப்பூர் போனாள். கம்பெனி வாசலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு தண்டாயுதபாணியிடம் மரியாதையாகவே கேட்டாள். “ஏனுங் மாமா, எம்பட உரம் எங்கீங்க?”

“அதை வித்துப்போட்டேன் அம்முணி. மிசின் வாங்கப் பணம் கொஞ்சம் மொடையா இருந்துச்சு.”

“கற்பூரம் கொளுத்திப் பேசுனதுங்க.”

“அதுக்கென்ன இப்ப? பட்டா எம்பேருலதான இருக்குது.”

முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிற மனுஷன்!

ஈரம் காய்ந்தது. செடி வெளிறி, பூ உதிர்ந்து, வளராமல் நின்றுபோயிற்று.

இரண்டு மாசம் கழித்து, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தண்டாயுதபாணி காட்டுக்கு வந்தான். குரல் தேனாக இருந்தது. “வெள்ளிக்கெழம பயிரப் பாக்க வர்றாங்களாமா. பருத்தி இல்லீன்னா உரத்துக்கு முழு வெலையும் அபராதமும் கட்டோணுமாமா. உன்ற பருத்திய என்றதுன்னு காட்டிக்கறேன். நீ ஒண்ணும் பேசாம இரு அம்முணி.”

“சேரீங் மாமா,” என்றாள் மருதம்மாள்.

அடுத்த நாலு நாளும் விடிந்ததிலிருந்து பொழுது இறங்கும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை ஞானசம்பந்தம் தண்டாயுதபாணியோடு வந்து பார்த்தபோது காட்டில் ஒரு செடிகூட நிற்கவில்லை. வேரோடு பிடுங்கிய பருத்திமார் விறகுக் கட்டுகளாக வேலியோரம் அடுக்கிக் கிடந்தது.

“என்ன காரியம் பண்ணிப்போட்ட!” என்று தண்டாயுதபாணி கத்தினான்.

ஞானசம்பந்தம் அதைக் காதில் வாங்காமல், பயிர் இல்லை என்று நோட்டில் எழுதி அவனிடமே கையெழுத்து வாங்கினார். பிறகு அந்தக் கட்டுகளைப் பார்த்தார். அவருக்கே மனசு கேட்கவில்லை. “ஏம்மா, விட்டிருந்தா ரெண்டு மூட்டையாவது வெளஞ்சிருக்குமே?”

தோலுரிந்த உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மருதம்மாள் கேட்டாள்.

“யாரு பேருலீங்க வெளஞ்சிருக்கும்?”