நாற்பது காட்டிய முள்

காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் பகல் பன்னிரண்டேகாலுக்கு வந்தது. சென்னையில் தங்கசாலைத் தெரு முனையில், ஒரு தேக்குத் தொட்டிலையும் மூன்று பாத்திர மூட்டைகளையும் காவல் காத்துக்கொண்டு நானும் என் அக்காவும் நாலேகால் மணி நேரம் நின்றிருந்தோம். செஞ்சிக்குப் போக எழுபது ரூபாய் என்று மொத்தமாகப் பேசிய வண்டி. மூட்டை இல்லாவிட்டால் பஸ்ஸிலேயே போயிருப்போம்.

செஞ்சியில் அக்காவின் மகள் பத்மாவுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அக்கா டைபாய்டில் படுத்திருந்ததால் பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்துவிட்டது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் தொட்டிலோடு கிளம்பிவிட்டாள். "வயிற்றைக் காயப்போடக் கூடாது, மயக்கம் வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கேட்டால்தானே? நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. கடை வேலையில் நான் அதைச் சரியாகக் காப்பாற்றியதில்லை. அக்கா ஒரு நாளும் தவறியதில்லை. போதாக்குறைக்கு அன்று அவளுக்கு ஒரு வேளை நோன்பு. ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது. அதைச் செஞ்சியில் குளித்துவிட்டு, பேரனைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவதாகத் திட்டம். முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அவள் வயிற்றில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் போகவில்லை.

டிரைவர் பெயர் ஏகாம்பரம். ராயபுரத்துக்காரர். இறங்கியவர் மன்னிப்புக் கேட்கவில்லை. சக்கரத்தைக் காட்டினார்.

"பழைய டயர் நாலும் பூட்ச்சு சார். அந்த சைசு ஊர்ல எங்கியும் கெடைக்கல. காரு ஒடைக்கிற எடத்துல நாலு சக்கரம், டயரோட, புதுசு கணக்கா. காலைலேர்ந்து மாட்டிக்கினு வரேன். இன்னா ஜோரா இருக்குது பாருங்க!"

சிறிய காரின் சக்கரங்கள் அவை. வண்டி முட்டி மடங்கி நிற்பதுபோல் இருந்தது. ஸ்டெப்னிக்கு ஐந்தாவது சக்கரம் கிடைக்காததால் பழையது ஒன்றைக் கூரைமேல் கட்டியிருந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதே என் கண்ணில் பட்டது. அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். முன்பின் தெரியாதவரிடம் நானாகப் பேச்செடுத்த வழக்கம் எனக்கு இல்லை. காகிதக் கடையில் சரக்கு எழுதுகிற வேலை எனக்கு. பேசாமல் எண்ணுவது சுலபம்.

ஒன்றே முக்காலுக்குச் செங்கற்பட்டு. முப்பத்தைந்து மைல். ஏகாம்பரம் சாப்பிட இறங்கி முப்பத்தைந்து நிமிஷம் கழித்துப் பல் குத்திக்கொண்டே வந்தார். ஊரைத் தாண்டியதும் வேகம் காட்டும் முள்ளை நாற்பதில் நிறுத்தினார்.

"பாருங்கம்மா, நாப்பது. அசையாது. நம்ம கை அப்டி."

அப்போது மைல் கற்களை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நடத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சாலையில் பழைய கற்கள் இன்னும் இருந்தன. மைலுக்கு மைல் பெரிய கல், நடுவில் பர்லாங்குக்கு ஒன்றாக ஏழு சின்னக் கல். பேச்சு வராதவன் என்ன செய்வான்? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கற்களை எண்ணினேன். நாற்பதில் போகிற வண்டி ஒரு மைலைத் தொண்ணூறு விநாடியில் கடக்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. தப்பாகப் பார்த்திருப்பேன் என்று அடுத்த மைலையும் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. மதுராந்தகம் ஏரிக்கரை வரும்வரை எண்ணினேன். அதேதான். முள் நாற்பது என்றது, கற்கள் முப்பத்திரண்டு என்றன.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "வண்டி கொஞ்சம் மெதுவாகப் போகிறதோ?" என்றேன்.

"மெதுவா? முள்ளைப் பாரு சார்!"

"கல் கணக்குப்படி..."

"சார், கல்லெல்லாம் இப்போ கிலோமீட்டர் ஆக்கிட்டாங்க. நீங்க பழைய கணக்குல பாக்கறீங்க."

நடுவில் ஏழு சின்னக் கல் இருக்கிறதே, அது எப்படிக் கிலோமீட்டர் ஆகும், ஆனாலும் வண்டி இன்னும் மெதுவென்றுதானே அர்த்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு எரிச்சலாக வருகிறது.

வழியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இருபது நிமிஷம் போனது. திண்டிவனம் வந்தபோது மணி நாலே கால். பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ பத்துப் பைசா. பக்கத்துச் சத்திரத்தில் கிணறு இருந்தது, நிழல் இருந்தது. மூட்டையில் பத்மாவுக்கென்று அக்கா கட்டிவந்த புளிசாதம் இருந்தது. அக்காவின் உதடு வெளுத்திருந்தது.

"இங்கேயே கால் கழுவிட்டுச் சாப்பிட்டுடட்டுமா, தம்பி?" என்றாள் என்னிடம்.

நான் வாய் திறப்பதற்குள் ஏகாம்பரம் பதில் சொல்லிவிட்டார். "எதுக்கும்மா ரோட்டுல குந்திக்கினு? இங்கிருந்து பதினேழே மைல். அரை மணி. நைசாப் போய்ப் பொண்ணு கையால சாப்பிடுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "சரி" என்று சொல்லித் தொலைத்தேன்.

நாலே முக்காலுக்குத்தான் கிளம்பினோம். காற்று சரிபார்க்க வேண்டுமாம். செஞ்சி சாலை குண்டும் குழியும். முள் முப்பதில் இருந்தது. இருபுறமும் நெல் அறுத்த வயலும் வேர்க்கடலைக் கொல்லையும். மேற்கே வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஐந்தேகாலுக்கு மேல் கல்லும் பாறையுமாக மலைகள் தெரிந்தன. உச்சியில் மதில்கூடத் தெரிந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் ஏகாம்பரம் வண்டியை ஓரம் கட்டினார்.

"பதினேழு மைல் ஆயிடுச்சு. ஊரைக் காணோமே?"

மைல் எண்ணும் பெட்டியைத் திண்டிவனத்தில் குறித்துவைத்திருந்தாராம். எட்டிப் பார்த்தேன். பதினேழுதான் காட்டியது. சாலையோரத்தில் வண்டிக்கு நேராகவே ஒரு கல், "செஞ்சி 3" என்று நின்றது. கையை நீட்டிக் காட்டினேன்.

"கல்லை எவன் எங்க நட்டானோ! மெஷின் பொய் சொல்லாது சார். பின்னால ஒரு ரோடு பிரிஞ்சுது பாத்தீங்களா, அங்கதான் தப்பு பண்ணிட்டேன்."

"அதோ கோட்டை தெரியுதே."

"மலை எந்த ஊர்லதான் இல்ல?"

சொன்னவர் வண்டியைத் திருப்பிவிட்டார். மூன்று மைல் தூரத்தில் இருந்த ஊரை விட்டுவிட்டு, வந்த வழியே போனோம். கோட்டை எங்கள் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அக்கா தலையைத் தொட்டில் கட்டைமேல் சாய்த்துக்கொண்டாள்.

சாலை பிரியும் இடத்தில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் செஞ்சிக்கு வழி கேட்டார். கடைக்காரர் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார், வண்டி வந்த திசையைப் பார்த்தார்.

"இன்னாப்பா, ஊராண்ட போய்ட்டுத் திரும்பி வந்து வழி கேக்கற? அவ்ளோ பெரிய மலை கண்ணுக்குத் தெரியலையா?"

"பதினேழு மைல் ஓட்டிட்டேன்யா! மீட்டர் காட்டுது!"

நான் இறங்கினேன். வண்டிக்குப் பின்னால் இருந்த ஏணியில் ஏறினேன். கூரைமேல் இருந்த பழைய சக்கரத்தின் கயிற்றை அவிழ்த்தேன்.

"இன்னா சார் பண்றீங்க?"

"இதைப் பிடியுங்கள்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவர் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரரிடம் சுண்ணாம்புக் கட்டி வாங்கி, வண்டிச் சக்கரத்தில் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு கிழித்தேன். "வண்டியைத் தள்ளுங்கள். சக்கரக் கோடு திரும்பக் கீழே வந்ததும் நிறுத்துங்கள்." இருவரும் தள்ளினார்கள். நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். பிறகு பழைய சக்கரத்தை அதே இடத்திலிருந்து ஒரு சுற்று உருட்டினேன். அது வண்டி நின்ற கோட்டைத் தாண்டி ஒன்றே கால் அடிக்குமேல் போய் நின்றது.

கடைக்காரர் குந்தி உட்கார்ந்து இரண்டு கோட்டையும் பார்த்தார். சிரித்தேவிட்டார். "அட, சின்னச் சக்கரம் மாட்டிட்டியா! முள்ளுக்கு ரோடா தெரியும்? சக்கரம் எத்தினி சுத்து சுத்துச்சுன்னுதான் தெரியும். பெரிய சக்கரம் ஒரு மைலுக்கு எத்தினி சுத்து சுத்தும்னு வச்சு அந்த மீட்டரைப் பண்ணியிருக்கான். உன் சக்கரம் சின்னது, அதே தூரத்துக்கு ஜாஸ்தி சுத்துது. அதத்தான் அது ஜாஸ்தி தூரம், ஜாஸ்தி வேகம்னு காட்டுது."

"காட்டுவதில் அஞ்சில் ஒரு பங்கு பொய்" என்றேன் நான். "நாற்பது காட்டினால் முப்பத்திரண்டு. பதினேழு காட்டினால் பதிமூன்றரை. செங்கற்பட்டிலிருந்தே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் சும்மாவா சார் இருந்தீங்க?" என்றார் ஏகாம்பரம். நான் சுண்ணாம்புக் கட்டியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். வண்டிக்குள்ளிருந்து அக்கா, "சண்டையை ராத்திரிக்கு வச்சுக்குங்கப்பா, அப்போ எனக்கு வேற வேலை இருக்காது" என்றாள்.

செஞ்சி பஜாருக்குப் பின்னால் பத்மா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மணி ஐந்து ஐம்பது. தெரு முழுக்க நிழல். சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விட்டது. பத்மா குழந்தையோடு ஓடிவந்தாள்.

"சாப்பாடு ரெடிம்மா, உக்காரு. இன்னும் அஸ்தமனம் ஆவல. காலண்டர்ல ஆறேகால்னு போட்டிருக்குது."

அக்கா வானத்தை நிமிர்ந்து பார்த்தாள். "காலண்டரா சாப்பிடப் போகுது? எனக்குச் சூரியன் கண்ணுக்குத் தெரியணும்டி. தெரியல. விடு, நாளைக்குச் சாப்பிட்டுக்கறேன்." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணியாவது குடிம்மா" என்றாள் பத்மா. பொழுது போனபின் அதுவும் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றாள்.

தொட்டிலை இறக்கிக்கொண்டிருந்த ஏகாம்பரம் நின்றார். "ஏம்மா, சூரியன் மலைக்கு அந்தாண்டதானே போயிருக்குது? நாமளும் அந்தாண்ட போனா?"

எரிச்சலூட்டும் மனிதர். ஆனால் அது எனக்குத் தோன்றவில்லையே.

அக்கா இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு ஈரத் தலையோடு வந்தாள். பேரனை எட்ட நின்று ஒரு பார்வை பார்த்தாள். பத்மா சாதம், பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், மோர், வடிகட்டிய தண்ணீர் எல்லாவற்றையும் கேரியரில் திணித்தாள். திருவண்ணாமலைச் சாலை ராஜகிரி மலைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே போகிறது. இம்முறை நான் முன்னால் உட்கார்ந்தேன்.

"அம்பது!" என்றார் ஏகாம்பரம்.

"நாற்பது" என்றேன்.

"அம்பத்தஞ்சு!"

"நாற்பத்து நாலு. இன்னும் போங்கள்."

உடைந்த மதில்கள் இருபுறமும் ஓடின. கோட்டையைப் பார்க்கவென்று ஜனங்கள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான். மலை இடுக்கைத் தாண்டியதும் சாலை பளிச்சென்று வெளுத்தது. சூரியன் ஒரு பனை உயரத்தில், சிவந்து, பெரிதாக, அப்படியே இருந்தது. மணி ஆறு ஆகி ஒரு நிமிஷம்.

கடலைக் கொல்லை வரப்பில் பாய் விரித்து, அக்கா மேற்கே பார்த்து உட்கார்ந்தாள். அவசரப்படவில்லை. நான் பரிமாறினேன். சாதம், பருப்பு, மறுபடி சாதம், மோர். கொல்லையில் வேலை முடித்துப் போன பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "இன்னாம்மா, வூட்ல எடமில்லையா?" என்று கேட்டாள். "வூட்ல சூரியன் இல்ல" என்றாள் அக்கா. கடைசித் தம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுக் கீழே வைத்தபோது சூரியன் அடிவானத்தைத் தொட்டது. "கைக்குத் தண்ணி ஊத்துடா" என்றாள். முகத்தில் ரத்தம் வந்திருந்தது. ஊற்றினேன்.

ஏகாம்பரம் வண்டிமேல் சாய்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே, "அறுவதுல வந்தேன்ல" என்றார்.

மறுநாள் காலை அவர் சென்னைக்குக் கிளம்பினார். சக்கரத்தை மாற்றப்போவதில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு சீட்டில் அறுபதுக்கு நாற்பத்தெட்டு, ஐம்பதுக்கு நாற்பது, நாற்பதுக்கு முப்பத்திரண்டு, முப்பதுக்கு இருபத்து நாலு என்று நல்ல கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். பத்மா கொடுத்த சோற்றுப் பருக்கையை மசித்து மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நிறுத்தினார்.

"சரியாக இருக்கிறதா?" என்று கேட்டேன். நானாகத்தான் கேட்டேன்.

முகத்தைச் சுளித்தார். "என்னவோ போங்க சார். நேத்து வரைக்கும் நாப்பதுல போய்க்கினு இருந்த வண்டி. நீங்க சீட்டு ஒட்டினதுல இருந்து முப்பத்திரண்டைத் தாண்ட மாட்டேங்குது."