கர்த்தர் என் சந்தேகத்தையும் சுகமாக்கினார்

என் கணவர் ஒரு பீடியைக்கூடத் தொட்டவர் இல்லை. ஆனாலும் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அந்தப் பாவத்தை மறைக்காமல் சொன்னால்தான் தேவன் எனக்குச் செய்த நன்மை உங்களுக்கு விளங்கும்.

அவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் வல்லம் வடகாலில் இன்னொரு தொழிற்சாலையில் கார் சீட் தைக்கிறேன். போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலத்தில், அவருக்கு இருமல் வந்தது, விடவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

எங்கள் தையல் லைனில் வேலை செய்யும் ஒருத்தி, "ஷிப்ட்ல தெரியாம ஊதிக்கினு இருந்திருப்பாரு" என்றாள். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அவருடைய யூனிஃபார்ம் பைகளைத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியும் நேராகவே கேட்டுவிட்டேன்.

"நீயே நம்பலன்னா நான் யாராண்ட போய் சொல்றது எஸ்தரு?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவரே சோறு போட்டுச் சாப்பிட்டார்.

சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா கட்டியிலிருந்து எடுத்த சதையை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் தினம் ஒரு மாத்திரையிலேயே நோயை அடக்கலாம், இல்லாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும் என்றார். முடிவு வரும்வரை டீ பிரேக்கில் பெண்கள் ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, அவரைத் தாரும். உண்மையையும் காட்டும்." வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

முடிவு வந்தது. டாக்டரம்மா சிரித்தார். "அந்த மாற்றம் இருக்கும்மா. மாத்திரை கொடுக்கலாம். புகையே பிடிக்காதவங்ககிட்டதான் இதை நாங்க அதிகமா பாக்குறோம். பரம்பரையா வர்றது இல்ல, பிள்ளைங்களை நினைச்சு பயப்படாதீங்க."

நான் கேட்ட இரண்டையும் தேவன் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். வராந்தாவில் என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "என்னை மன்னிச்சிடுங்க."

"அத வுடு. பசிக்குது, வா, இட்லி சாப்புடலாம்" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் பசி என்று சொன்னது அன்றுதான்.

மாத்திரையால் அவர் முகமெல்லாம் பரு வந்தது. "இருவது வயசு திரும்பிட்ச்சு, இன்னொரு பொண்ணு பாக்கட்டா?" என்று கண்ணாடி முன் நின்று கேலி செய்தார். மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, அடங்கியிருக்கிறது என்றார். அப்படிக் கிடைத்த நாட்களுக்கே நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

யாருக்காவது வியாதி என்றால், "அவங்களா தேடிக்கிட்டது" என்று இப்போது நான் சொல்வதில்லை. சொல்பவர்களையும் விடுவதில்லை.

பிரியமானவர்களே, பயத்தோடு இருக்கிறீர்களா? என்னைப்போல் அரைகுறை விசுவாசத்தோடாவது கேளுங்கள். பரிசோதனைக்கும் போங்கள், அதுவும் அவர் திறக்கும் வாசல்தான். இந்த வருஷம் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் என் கணவர் பாடகர் குழுவில் நின்று பாட்டின் நான்கு சரணமும் பாடினார். மூச்சு வாங்கவில்லை. நான்தான் பாட முடியாமல் நின்றேன்.