தனலட்சுமி யார் என்று கேட்டார்கள்: கடலூரில் ஒரு குடியுரிமை விசாரணை

இந்த வலைப்பூவில் நான் இதுவரை எழுதியதெல்லாம் ஊர் சுற்றல்தான். ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு எந்த பஸ், பிச்சாவரத்தில் படகுக்கு எவ்வளவு, எங்கே சாப்பிட்டால் வயிறு கெடாது, அந்த மாதிரி. இந்தப் பயணமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்ததுதான். ஆனால் இதை யாரும் ஆசைப்பட்டுப் போகமாட்டார்கள். போயே ஆகவேண்டியவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

போன ஆவணியில் என் அண்ணியின் குடியுரிமை விசாரணைக்குக் கடலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். அண்ணி பிறந்தது மலேசியாவில், கிள்ளானில். அண்ணன் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தபோது பழக்கமாகி, அங்கேயே பதிவு செய்து கட்டிக்கொண்டு, அண்ணி பத்து வருஷத்துக்கு மேலாக இங்கே கிள்ளைப் பக்கம் எங்கள் மீனவர் கிராமத்தில்தான் இருக்கிறார். மீன் கழுவுகிறார், வலை பிரிக்கிறார், எங்கள் ஊர்க்காரிகளைவிட நன்றாகச் சண்டை போடுகிறார். ஆனால் பாஸ்போர்ட் மலேசியாவுடையது. விசா நீட்டிப்பு நீட்டிப்பு என்றே காலம் ஓடியது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போனபிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது. அவருடைய மனைவி என்பதால்தான் அண்ணிக்கு விசா. அவருடைய மனைவி என்றுதான் குடியுரிமை மனுவும் போட்டிருந்தது. அவர் போய்விட்டால் அந்த மனு நிற்குமா என்று நான் கேட்ட இரண்டு வக்கீல்களும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அண்ணிக்கு மலேசியாவில் ஒருவரும் மிச்சமில்லை. இங்கே நான்காவது படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அவள் இந்தியக் குடிமகள். அம்மாவைக் கிளம்பச் சொன்னால் அந்தக் குழந்தை என்ன ஆகும் என்பதுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. அண்ணன் இருக்கும்போதே இது முடியவேண்டும்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி கேட்டு வாங்கியிருந்தோம். காலை ஏழரைக்கு சிதம்பரத்தில் பஸ் ஏறினோம். ஒன்றேகால் மணி நேரம். அண்ணனை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, வீங்கிய காலைத் தூக்கி என் பையின்மேல் வைத்தோம். அவருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கவேண்டும். புதுச்சத்திரம் தாண்டியதும் கேட்டார், அண்ணி பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். ஆலப்பாக்கத்தில் இன்னொரு மூடி. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ் இருக்கும் மஞ்சக்குப்பத்துக்கு ஆட்டோக்காரர் நூற்றிருபது ரூபாய் கேட்டார், நூறுக்கு வந்தார். செம்மண்டலத்துக்காரராம். வழியில் விசாரித்தார்.

"என்னா மேட்டரு மேடம்? முதியோர் பென்ஷனா?"

"இல்லண்ணே, குடியுரிமை. எங்க அண்ணி மலேசியா."

"மலேசியாவா!" என்று கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தார். "எங்க மச்சான் அந்த ஊருக்குப் போவ முப்பது தபா அலையறான். நீங்க அத வுட்டுட்டு இங்க சேரணும்ங்கறீங்க. நல்லா கேட்டுப் பாத்தீங்களா?"

அண்ணன்கூடச் சிரித்தார். அன்று நாங்கள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

பத்தரைக்கு வரச் சொன்னார்கள், கூப்பிட்டது பன்னிரண்டேகாலுக்கு. பெஞ்சு உண்டு, ஃபேன் உண்டு, கழிப்பறை கட்டிடத்தின் மறுகோடியில். நோயாளியைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அண்ணனால் தனியாக நிற்கமுடியாததால் என்னையும் உள்ளே விட்டார்கள்.

அதிகாரி ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. குரல் உயர்த்தவில்லை. அண்ணியிடம் முதலில் கேட்டார். எங்கே பிறந்தீர்கள், எப்படிப் பழக்கம், கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், கடைசியாக எப்போது வெளிநாடு போனீர்கள், மலேசியக் குடியுரிமையை விட்டுவிடச் சம்மதமா. அண்ணி எல்லாவற்றுக்கும் கணீரென்று பதில் சொன்னார். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"உங்க ஒய்ஃப் பேரு சொல்லுங்க."

"கவிதா" என்றார் அண்ணன்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். அண்ணியின் பெயர் தனலட்சுமி. என் அம்மாவின் பெயரும் தனலட்சுமி. எங்கள் பக்கம் மாமியார் பேரும் மருமகள் பேரும் ஒன்றாக இருந்தால் மருமகளை வேறு பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மாமியார் பேரைச் சொல்லி "ஏ, இங்க வாடி" என்று யார் கூப்பிடுவது? வீட்டுக்குள் வந்த அன்றைக்கே அம்மா கவிதா என்று வைத்தார். தெரு முழுக்க கவிதா. அண்ணனுக்கும் கவிதா. அந்தப் பேரில் தப்பாக ஏதோ இருக்கிறது என்று எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"ஃபைல்ல தனலட்சுமின்னு இருக்கு" என்றார் அதிகாரி. "நீங்க கவிதாங்கறீங்க. லோக்கல்ல விசாரிச்சவங்க என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? தனலட்சுமிங்கறவங்க நாலு வருஷம் முன்னாடியே எறந்துட்டாங்களாம்."

"அது எங்கம்மா மேடம்" என்றார் அண்ணன். அவருக்கு மூச்சு வாங்கியது. "ஊர்ல தனலட்சுமின்னு கேட்டா எங்கம்மாவத்தான் சொல்லுவாங்க. அம்மாவுக்கும் அதே பேருங்கறதால இத மாத்திக் கூப்ட்டோம். இதுதான் மேடம் எம் பொண்டாட்டி. வேற யாரு எனக்கு மூடில தண்ணி ஊத்துவா?"

அதிகாரி அண்ணனுடைய வீங்கிய காலைப் பார்த்தார். "எங்க வீட்லயும் எனக்கு வேற பேருதாங்க" என்றார். "எனக்குப் புரியுது. ஆனா எனக்குப் புரிஞ்சத நான் எழுத முடியாது. நேர்ல திரும்ப விசாரிச்சு ரிப்போர்ட் வரட்டும்."

"எத்தினி நாள் ஆவும் மேடம்?" என்று அண்ணி கேட்டார்.

"சொல்ல முடியாதும்மா."

அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு வழியும் இல்லை. யார்மேலும் கோபப்பட முடியாமல் திரும்பி வருவது இருக்கிறதே, அதைவிடக் கொடுமை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தெருவையே கூட்டிச் சொன்னார், இனிமேல் இது பேர் தனலட்சுமி, யார் வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்கள் என்று. தெரு இரண்டு நாள் சொன்னது, மூன்றாம் நாள் கவிதாவுக்கே போய்விட்டது. அண்ணன் மட்டும் விடவில்லை. அவருக்குத்தான் அது ரொம்பக் கஷ்டம். "எங்கம்மாவ அதட்டற மாதிரி இருக்குது" என்பார். அதனால் சத்தமில்லாமல் கூப்பிடுவார். சிதம்பரத்தில் டயாலிசிஸ் கட்டிலில் நான்கு மணி நேரம் படுத்திருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு, "தனலட்சுமி" என்பார். அண்ணி "ம்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. நர்ஸ் சிரிப்பாள்.

ஐப்பசி மழையில் அண்ணன் போய்விட்டார். மறுவிசாரணைக்கு அதுவரை யாரும் வரவில்லை.

காரியம் முடிந்த பிறகுதான் வந்தார்கள். நான் அன்று ஊரில் இருந்தேன். சாதாரணச் சட்டை போட்ட ஒருவர் பைக்கை நிறுத்தி, "இங்க தனலட்சுமிங்கறது யாரு?" என்றார். தெருவே திரண்டு, "இருக்குது சார், இருக்குது, அதோ" என்று கை காட்டியது. அண்ணி எங்களுக்கு முதுகைக் காட்டிக் குழாயடியில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தனலட்சுமி!" என்று வந்தவர் கூப்பிட்டார்.

அண்ணி திரும்பவில்லை. இரண்டாவது தடவை இன்னும் பலமாகக் கூப்பிட்டார். குடம் நிறைந்து வழிந்தது. அண்ணி அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பொறுக்கமுடியாமல், "ஏ கவிதா, உன்னத்தாண்டி!" என்று கத்தினாள். அண்ணி உடனே திரும்பினார். வந்தவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்று இரவு நான் அண்ணியைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். ஒரு பேருக்குத் திரும்ப முடியாதா என்று கேட்டேன். அண்ணி அழவில்லை. "அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டது அவுரு ஒருத்தருதான் பாப்பா. வேற கொரல்ல கேட்டப்ப என்னையத்தான்னு தோணல" என்றார்.

மனு இப்போது எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரியவில்லை. கடலூருக்கு இரண்டு தடவை போய்க் கேட்டேன், மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். விசா இந்த வருஷக் கடைசி வரை இருக்கிறது. அதற்கப்புறம் என்ன என்று யாராலும் சொல்லமுடியவில்லை.

போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விதிகள் மாறும், ஒருமுறை விசாரித்துவிட்டுப் போங்கள். அசல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், நகல் இரண்டு செட். கல்யாண போட்டோவோடு, அதற்கப்புறம் சேர்ந்து எடுத்த போட்டோவும் வேண்டும். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மதியம் தாண்டிவிடும். கேள்விகளுக்குப் பயப்படாதீர்கள், கஷ்டமான கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. எங்களை விழவைத்தது இருப்பதிலேயே சுலபமான கேள்வி.

இன்னொன்று. வெளிநாட்டில் பிறந்த மருமகள் உங்கள் வீட்டில் இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுங்கள். மாமியார் பேராக இருந்தாலும் பரவாயில்லை. நான் தினமும் சாயங்காலம் கிள்ளைக்குப் போன் போட்டு, "தனலட்சுமி அண்ணி" என்கிறேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் "ம்" என்கிறார்.