பெருங்குடல் இல்லாத கண்டக்டர்

கண்டக்டர் வேலைக்கு வாய் வேண்டும், மனக்கணக்கு வேண்டும் என்பார்கள். அதையெல்லாம் விட அடக்கத் தெரிய வேண்டும் என்பதை, வயிற்றுக்காரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முன் சீட்டு வைத்தியர்

பெருங்குடல் புண்ணோடு பல வருஷம் மல்லுக்கட்டினேன். கடைசியில் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியைப் பைபோல மடித்துத் தைத்துக் கீழே ஆசனவாயோடு இணைத்தார்கள். தேறி, தஞ்சாவூர் - நீடாமங்கலம் வண்டிக்குத் திரும்பினேன். முன் சீட்டு உரக்கடைக்காரர் விசாரித்தார். சொல்லித் தொலைத்தேன். வண்டி முழுக்கக் கேட்கும்படி தீர்ப்பு வந்தது:

“வெறும் வயித்துல வெந்தயம் போட்டிருந்தா குடல் தப்பிச்சிருக்கும். அவசரப்பட்டுட்டீங்களே தம்பி!”

மேலாளரின் சந்தேகம்

சில மாதத்தில் மறுபடி காய்ச்சல், வயிற்றுமுறுக்கல், தண்ணீராய்ப் போக்கு. கூடவே ரத்தமும். டெப்போ மேலாளரிடம் லீவு கேட்டேன். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், புத்திசாலி:

“குடலைத்தான் எடுத்துட்டாங்கங்கற. இல்லாத குடல்ல எப்படிய்யா வியாதி வரும்?”

ரயில்வே கேட்

லீவு இல்லை. மறுநாள் நீடாமங்கலம் கேட்டில் வண்டி நின்றபோது வயிறு பிசைந்தது. இறங்கி ஓடி, ரோட்டோர வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் கொல்லைப்பக்கம் கை காட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். கேட் திறந்து, பின்னால் நின்ற வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. டிரைவர் செல்வம் மட்டும் எனக்காக நகராமல் இருந்தார். கல்யாணத்துக்குப் போகும் பட்டுச்சட்டைக்காரர் பொங்கினார்:

“இதெல்லாம் வீட்டுலயே முடிச்சுட்டு வரக்கூடாதா?”

ஆரஞ்சுப் பழம்

அன்றைக்கே பஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். செல்வம்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கேமராக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், சிறுகுடல் நெடுக அழற்சி என்றார். பெருங்குடலை எடுத்த பிறகும் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி வருமாம். இன்னும் தள்ளியிருந்தால் உயிருக்கே ஆபத்தாம். என் மனைவி செல்வத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ரத்தம் நின்று, கஞ்சி வயிற்றில் தங்கிய அன்று, மேலாளர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டில் ஓரமாக நின்று குறைபட்டுக்கொண்டார்:

“சிறுகுடல்னு முன்னாடியே தெளிவா சொல்லியிருந்தா, லீவு குடுத்திருப்பேனேய்யா!”

இப்போது டெப்போவுக்குள்ளேயே வேலை, கழிவறையும் பக்கத்தில். என் குடல் அழற்சி வடிந்துவிட்டது, இவர்கள் வாய்க்குத்தான் இன்னும் ஒருத்தரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.