கேட்காமல் கொடுத்த மாத்திரை

யுவஸ்ரீக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை, குடித்தனம் ஜூஜுவாடியில். குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது குடல்வாலில் சீழ் பிடித்து அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா பாராசிட்டமால் எழுதிக் கொடுத்து, பாலை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

மூன்றாம் நாள் பாராசிட்டமால் போட்டும் தையல் வலித்தது. கணவன் சுரேந்தர் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனான். கடைக்காரர் கரியப்பனின் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. சுவரில் தொங்கும் சான்றிதழில் இருப்பது வேறு யாருடைய பெயரோ. தெருவே அவரை "டாக்டர் சார்" என்று கூப்பிடும், அவரும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார். மருந்துச்சீட்டு கேட்கவில்லை, யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை.

"பாராசிட்டமால்லாம் காய்ச்சலுக்குங்க. இது ஸ்ட்ராங்கு," என்று டிரமடால் வலிமாத்திரை அட்டையை நீட்டினார்.

இரண்டு நாள் விழுங்கினாள். வலி போனது. குழந்தையின் அழுகையும் போனது.

"என்னா சமத்தா தூங்குது பாரு!" என்று நாத்தனார் சத்யப்ரியா மெச்சினாள். சுரேந்தர் சிரித்தான். ஐந்து மணி நேரமாகப் பால் கேட்காத குழந்தையைப் பார்த்துப் பூரிக்க அந்த வீட்டில் இரண்டு பட்டதாரிகள் இருந்தார்கள்.

யுவஸ்ரீ குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். அது கண் திறக்கவில்லை. கை துணியாய்த் தொங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அட்டையோடு ஆட்டோவில் ஏறினாள்.

"இது பால்ல இறங்கும்மா, குழந்தைக்கு மூச்சையே மந்தமாக்கிடும்," என்றார் டாக்டரம்மா. மாத்திரையை நிறுத்தி, குழந்தையை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனித்தார்கள். மறுநாள் அது தொண்டை கிழிய அழுதபோதுதான் யுவஸ்ரீக்கு உயிர் வந்தது.

வீட்டில் புது ஞானம் பிறந்திருந்தது. "இனிமே உன் பாலே வேணாம், பவுடர் குடு," என்றாள் சத்யப்ரியா.

"மறுபடி எப்பலேர்ந்து பால் குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அண்ணி. கெட்டது மாத்திரை, என் பால் இல்ல."

கடைக்குப் போனாள். "பால் குடுக்கறவங்கன்னு நீங்கதானம்மா சொல்லியிருக்கணும்?" என்றார் கரியப்பன்.

"விசாரிக்காம எடுத்துக் குடுக்க மளிகைக்கடை போதுமேங்க. விசாரிச்சுக் குடுக்கத்தான் மருந்துக்கடை."

அவர் சிரித்து மழுப்பினார். வம்பு வேண்டாம் என்று கெஞ்சிய சுரேந்தரையே வண்டி ஓட்டவைத்து, மருந்து ஆய்வாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். பத்து நாளில் கடை மூடப்பட்டது.

தெரு திட்டியது கரியப்பனை அல்ல, அவளை. தலைவலிக்கும் எல்லை தாண்டி அத்திப்பள்ளிவரை போகவேண்டியிருக்கிறதாம். அங்கே கடைக்காரர் சீட்டு கேட்கிறாராம். அதுவும் அவர்களுக்குக் குறை.