எண்ணெய்க்காரரின் கண்மருந்து

தையல் ஆலையில் அந்த மெக்கானிக்குக்கு எண்ணெய்க்காரர் என்றே பெயர். எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும் வழிய வழிய எண்ணெய் விடுவார். துணியில் கறை பட்டதென்று தையல்காரிகள் கத்தினால் அவர்கள் மேலேயே பாய்வார். கட்டிய மனைவியோடு வாய் திறப்பதே சண்டை போடத்தான்.

எப்போதோ வந்த காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி அவர் கல்லீரலைச் சுருக்கிவிட்டது. மதுவை மோந்துகூடப் பார்த்திராத மனிதர். ஆனாலும் கல்லீரல் என்றதுமே, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். மைத்துனன் சிரித்தே விட்டான். அன்றிலிருந்து மாத்திரையை ஒளித்து விழுங்குவாரே தவிர, அந்த நோயைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

பிறகு கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை மங்கியது.

"வேற வியாதி ஏதாவது இருக்கா? மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கண் டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்றவர், வாயெடுத்த மனைவியின் காலை மிதித்தார்.

கண்ணில் விடும் மருந்து ஒன்றைக் கொடுத்து, ஒரு சொட்டு போதும் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். இவரா கேட்பார்? மெஷினுக்கு விடுவதுபோல் கண்ணிலும் வழிய விட்டார். தொண்டையில் கசந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறதாம், பெருமை வேறு!

தலை சுற்ற ஆரம்பித்தது. ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். அவரோடு தினமும் மல்லுக்கு நிற்கும் தையல்காரிதான் சுவிட்சை அணைத்தாள். இல்லாவிட்டால் ஊசி கன்னத்தில் இறங்கியிருக்கும்.

அவருக்கு மாத்திரை கொடுத்து வந்த கல்லீரல் டாக்டர் நாடியையும், மனைவி எடுத்து நீட்டிய கண்மருந்துக் குப்பியையும் பார்த்துவிட்டுச் சீறினார். "வயித்துக்குள்ள ரத்தக்குழாய் வெடிக்காம இருக்க நான் குடுக்கிற மாத்திரையே இதயத்துடிப்பைக் குறைக்கும். இந்தச் சொட்டும் மூக்கு வழியா ரத்தத்துல கலந்து அதே வேலையைத்தான் செய்யும். உங்க கல்லீரலால அதைச் சீக்கிரம் கழிக்கவும் முடியாது. கண் டாக்டர்கிட்ட சொல்லவே இல்லையா?"

"சொல்ல விட்டாத்தானே!" என்றாள் மனைவி.

மறுபடியும் கண் டாக்டர் அறை. எண்ணெய்க்காரரின் கால் நகர்வதற்குள் மனைவி தன் காலை இழுத்துக்கொண்டாள். "இவருக்குக் கல்லீரல் கெட்டிருக்கு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லி, மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டினாள். வாசலில் நின்ற ஒருவன் உதட்டைச் சுழித்துச் சிரித்தான்.

"நான் குடிச்சதே இல்லடா!" என்று எண்ணெய்க்காரர் துள்ளினார்.

"குடிகாரன்னு நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டும். உயிரோட இருந்து ஏச்சு வாங்குங்க" என்றாள் அவள்.

டாக்டர் மருந்தை மாற்றினார். ஒரே சொட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்த வேண்டும், மருந்து உள்ளே இறங்காதபடி.

இப்போது குப்பி அவள் கையில். தினமும் அவர் நாற்காலியில் தலை சாய்த்து, விரலை அழுத்திக்கொண்டு, அவள் இத்தனை வருடம் சேர்த்து வைத்த திட்டையெல்லாம் கேட்டாக வேண்டும்.

"சொட்டு ஓரமா விழுந்துடுச்சு. இன்னொண்ணு விடேன்" என்று ஒருநாள் கேட்டார்.

"உள்ளதான் விழுந்துச்சு, பார்த்தேன். நீங்க ஒழிஞ்சா தேவலைன்னு எனக்கும் தோணாம இல்ல. ஆனா என் கையால வேணாம்."

அவள் மூடியைத் திருகினாள். அவர் விரலை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.